கயிறு போட்டுக் கட்டிய ரம்பம்

ஆண்டவனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று தூளக்கா ஒரு வரைமுறை வைத்திருந்தாள். உடம்பு சுகம் கேட்கலாம். மழை கேட்கலாம். மேல்மாடிக்காரர் குழாயை மூட மறக்கக் கூடாது என்று கேட்கலாம். கேட்டுப் பயனில்லை, இருந்தாலும் கேட்கலாம். ஆனால் ரம்பம் வாங்குகிற விஷயத்தை யாராவது அவனிடம் கொண்டுபோயிருப்பார்களா என்று அவளுக்கே சந்தேகம். ஒன்பது நாளாகக் காலையில் கண்ணை மூடி உட்கார்ந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"புதுசா, பழசா? ஒரே ஒரு வார்த்தை. உனக்கு அதுல என்ன கஷ்டம்?"

ஆண்டவன் வழக்கம்போல் வாய் திறக்கவில்லை. அடுத்த அறையிலிருந்து வீட்டுக்காரரின் குறட்டைதான் வந்தது. அதைப் புதுசு என்று எடுத்துக்கொள்வதா, பழசு என்று எடுத்துக்கொள்வதா?

தூளக்கா என்ற பேர் மரத்தூளால் வந்தது. பகலில் அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கிறவள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் சமையலறை மேஜை ஓரத்தில் ப்ளைவுட் துண்டை முடுக்கி வைத்துக்கொண்டு, வில் ரம்பத்தால் மிருகங்கள் அறுப்பாள். ஓர் ஆமை என்றால் அதன் ஓடு ஏழு துண்டு. கலைத்துப் போட்டால் குழந்தை திரும்பச் சேர்க்க வேண்டும். திமிங்கிலம் என்றால் வயிற்றுக்குள் ஐந்து மீன். குழந்தைகள் வார்டில் அவள் ஆமை இல்லாத கட்டிலே கிடையாது. பொம்மைக் கடைக்காரர் ஒருவரும் மாதாமாதம் கேட்டு வாங்குவார். எத்தனை தடவை முகம் கழுவினாலும் புருவத்தில் கொஞ்சம் தூள் தங்கிவிடும். "என்னக்கா, ஒரே ராத்திரியில நரைச்சிருச்சா?" என்று சலவைக்கூடத்தில் கேட்டுக் கேட்டு, கடைசியில் பேரே அப்படி நின்றுவிட்டது.

இருபது வருஷம் ஒரே கையை மேலும் கீழும் இழுத்தால் எந்தத் தோள்தான் சும்மா இருக்கும்? டாக்டர் அவள் வலது கையை அடிபம்புக் கைப்பிடி மாதிரி ஏற்றி இறக்கிப் பார்த்தார். அவள் போட்ட கத்தலில் வெளியே உட்கார்ந்திருந்த ரெண்டு பேர் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

"இனிமே கை ரம்பத்தைத் தொடக் கூடாதும்மா. தொட்டா, தலை சீவக்கூட கை தூக்க முடியாது."

"தலை சீவாட்டி போகுது டாக்டர். ஆமைக்கு என்ன பண்றது?"

"ஆமையா?" என்ற டாக்டர், அவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தைலத்தோடு ஒரு சத்து மாத்திரையும் சேர்த்து எழுதினார்.

ஆகவே மெஷின் வாங்கியாக வேண்டும். கடையில் அதை ஸ்க்ரோல் சா என்கிறார்கள். தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்குகிற மாதிரி நூல் கனத்தில் ஒரு ப்ளேடு ஏறி இறங்கும். மரத்தை அதன் முன்னால் வைத்துத் திருப்பிக் கொடுத்தால் போதும். தோளுக்கு வேலையே இல்லை.

சிக்கல் பிஸ்கட் டப்பாவில் இருந்தது. அதில் அவள் சேர்த்து வைத்த பணத்துக்கு ஏற்கெனவே ஒரு பங்காளி உண்டு: வீட்டுக்காரரின் பல் செட். முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்ந்த மனிதர். வாயில் மிச்சம் இருந்தது நாலு பல். நாலும் சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பிகள் மாதிரி நாலு மூலையில் நின்றன. ஒன்றோடு ஒன்று பேசுவதில்லை. பழைய ரம்பம் வாங்கினால் பல் செட்டும் வாங்கலாம். புது ரம்பம் என்றால் பல் செட் அடுத்த வருஷம்தான்.

"புதுசே வாங்கு," என்றார் அவர். "ரம்பத்துக்குப் பல் இல்லாட்டி வேலை நடக்காது. எனக்கு இல்லாட்டி ரொட்டியை ஊறவச்சுக்கிட்டா முடிஞ்சுது."

இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவள் அவருடைய அக்கா. தூளக்காவுக்கு அண்ணி. அடுத்த தெருவில் வீடு; ஆனால் தன் வீட்டில் அவளைப் பார்த்தவர்கள் குறைவு.

"நல்லாருக்குடா நியாயம்! எனக்குன்னு இருக்கிறது ஒரே தம்பி, அவன் ஈறால மென்னுக்கிட்டு இருக்கான். இவ ஆமைக்கு ஓடு அறுக்க புது மெஷின் கேக்குறா. ஏம்மா, ஆமை உனக்குத் தாலியா கட்டிச்சு?"

"நான் புதுசு கேக்கலையே அண்ணி. எது நல்லதுன்னுதான் தெரியல."

"அப்ப ரெண்டையும் போய்ப் பாப்போம். நானும் வரேன். நீ தனியாப் போனா, கடைக்காரன் சிரிச்சான்னு வாங்கிட்டு வந்துடுவ."

அது உண்மைதான் என்பதால் தூளக்கா பேசாமல் செருப்பை மாட்டினாள்.

கடையில் புது ரம்பம் கண்ணாடி மேஜைமேல், கல்யாணப் பெண் மாதிரி தலை குனிந்து இருந்தது. விற்பனைக்கார இளைஞர் அதன் பெருமையை மூச்சு விடாமல் சொன்னார். வேகம் கூட்டலாம், குறைக்கலாம். தலையில் விளக்கு எரியும். சின்னக் குழாய் ஒன்று தூளை ஊதித் தள்ளிவிடும்.

"ஊதித் தள்ளிடுமா? அப்ப என் பேரு என்னத்துக்கு ஆகும்?" என்றாள் தூளக்கா. அவருக்குப் புரியவில்லை, இருந்தாலும் சிரித்தார். அண்ணி முழங்கையால் இடித்தாள்: "பாத்தியா, சிரிக்கிறான்."

"தம்பி, கொஞ்சம் அறுத்துக் காட்டுறீங்களா?"

"ஐயோ, அறுத்தா பழசாயிடும்மா."

"வாங்கினவங்க என்ன பண்ணுவாங்க?"

"அது அவங்க இஷ்டம்மா."

அறுக்க விடாவிட்டாலும் தொட்டுப் பார்க்க விட்டார். தூளக்கா விரல் நுனியால் ப்ளேடைக் கீழிருந்து மேலே மெல்லத் தடவினாள். பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று பிடித்தது. அவளுக்குத் திருப்தி. கை ரம்பமோ மெஷின் ரம்பமோ, இந்த வேலையில் பல் கீழ்நோக்கிப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ப்ளேடு இறங்கும்போது அறுக்கும். மரமும் மேஜையோடு அமுங்கி அடக்கமாகக் கிடக்கும். புது ப்ளேடு மாட்டும்போதெல்லாம் இப்படி ஒரு தடவு தடவிவிட்டுத்தான் இருபது வருஷமாக அவள் வேலையைத் தொடங்குவாள்.

விலையைக் கேட்டதும் பிஸ்கட் டப்பாவின் அடித்தகரம் அவள் கண்ணுக்குத் தெரிந்தது. வீட்டுக்காரர் ரொட்டி ஊறவைக்கும் கிண்ணமும் தெரிந்தது. "யோசிச்சு வரேன் தம்பி," என்று வெளியே வந்தாள்.

பழசு ஓய்வுபெற்ற சயின்ஸ் வாத்தியார் ஒருவருடையது. ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் அவர் ஒட்டியிருந்த தாளைப் படித்தாலே ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். 'மின் ரம்பம் விற்பனைக்கு. நேரில் வரவும். தாமதமாக வருவோரும் தேவையற்ற கேள்வி கேட்போரும் தவிர்க்கவும்.'

தாமதமாகப் போகாமல் பத்து மணிக்கே போய் நின்றார்கள். வாத்தியாரின் மனைவி, வாத்தியாரம்மா, கதவைத் திறந்தாள். கூடத்துச் சுவரில் ஒரு போட்டோ ஃப்ரேம் மாட்டியிருந்தது. நாலு ஓரமும் எலி தின்ற ரொட்டி மாதிரி இருந்தது.

"அவர் பண்ணினது," என்றாள் வாத்தியாரம்மா. "ரிட்டயர் ஆன கையோட மெஷினை வாங்கினார். மூணு வருஷத்துல உருப்படியா அந்த ஒண்ணுதான்."

"உருப்படியா?" என்றாள் அண்ணி. தூளக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

பின்பக்க அறையில் ரம்பம் இருந்தது. பார்த்ததும் இருவரும் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். ரம்பத்தின் காலை, மாடு கட்டுகிற கனத்தில் ஒரு கயிற்றால் மேஜையோடு கட்டி, மேஜையை ஜன்னல் கம்பியோடு கட்டி, போதாததற்கு மேலே ரெண்டு மணல் மூட்டையும் வைத்திருந்தார் வாத்தியார்.

"கட்டிப் போட்டிருக்கீங்களே சார், கடிக்குமா?" என்று கேட்டாள் அண்ணி.

வாத்தியார் இதைத் தேவையற்ற கேள்வி என்ற பிரிவில் சேர்த்துவிட்டார். கையுறை போட்டார், கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடி போட்டார். "ஆரம்பிக்கப் போறேன்!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். சமையலறையில் வாத்தியாரம்மா கண்ணாடி அலமாரியைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

ஸ்விட்சைப் போட்டார். ப்ளேடு மரத்தைத் தொட்டதுதான் தாமதம், மரம் துள்ளி எழுந்து மேஜையைத் தட தடவென்று அறைய ஆரம்பித்தது. வாத்தியார் ரெண்டு முழங்கையாலும் அதன்மேல் படுத்துக்கொண்டார். ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. உள்ளே கோப்பைகள் ஒன்றை ஒன்று விசாரித்துக்கொண்டன.

"இது அதிர்வு!" என்று அந்தச் சத்தத்துக்கு மேல் அவர் பாடம் நடத்தினார். "விசை இருந்தா எதிர்விசை இருக்கும்! இந்த வகை மெஷினுக்கு இதுதான் சுபாவம்! அழுத்திப் பிடிக்கிற வலு வேணும்!"

நிறுத்தியபோது அவர் சட்டை நனைந்திருந்தது. அறுத்த மரத்தில் ஒரு கோடு, தள்ளாடி வந்தவன் வீட்டுக்குப் போன வழி மாதிரி, போய்க்கொண்டே இருந்தது.

"உண்மையைச் சொல்றேன்மா," என்றார். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு இதோட மல்லுக்கட்டி அலுத்துப்போச்சு. பாதி விலைக்கும் கம்மியாவே தரேன். எடுத்துட்டுப் போனா சரி."

தூளக்கா ரம்பத்தின் அருகே போனாள். ப்ளேடைக் கீழிருந்து மேலே தடவினாள். வழவழவென்று போயிற்று. மேலிருந்து கீழே தடவினாள். விரலைப் பிடித்தது.

மனிதர் ப்ளேடைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்! பல் மேல்நோக்கி இருந்தால், ப்ளேடு ஏறும்போதெல்லாம் மரத்தையும் தூக்கிக்கொண்டுதான் ஏறும். மெஷினில் ஒரு குறையும் இல்லை. மூன்று வருஷமாக, எத்தனை ப்ளேடு மாற்றியிருப்பாரோ, அத்தனையையும் ஒன்று தவறாமல் தலைகீழாகவே மாட்டிவிட்டு, குற்றம் ஒன்றும் செய்யாத ஒரு பிராணியைக் கட்டிப் போட்டு வைத்திருக்கிறார்.

"கொஞ்சம் பேசிட்டு வரோம் சார்," என்று அண்ணியை வெளியே இழுத்துப் போய் விஷயத்தைச் சொன்னாள்.

அண்ணியின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. "அப்ப நல்ல மெஷின்! பாதி விலைக்கும் கம்மி! வாயை இறுக்கி மூடிக்கோ. வீட்டுக்குப் போய்த் திருப்பி மாட்டு. என் தம்பிக்குப் பல்லு வந்துடுச்சு!"

தூளக்கா அங்கேயே கண்ணை மூடினாள். வீட்டில் கேட்ட அதே குரலில் மனதுக்குள் கேட்டாள். 'ஒன்பது நாளா வாயைத் திறக்கல. இப்ப மட்டும் வந்து தொண்டையில உக்காந்துக்கிற. இதை நான் வீட்டுக்குப் போன பிறகு கண்டுபிடிக்க வச்சிருக்கக் கூடாதா? அப்ப எனக்கும் பாவமில்லை, அவருக்கும் பல்லு.' ஆண்டவன் இதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சும்மா இருப்பதிலேயே ரெண்டு வகை உண்டு என்று அவளுக்குத் தெரியும். இது முறைத்துக்கொண்டு சும்மா இருப்பது.

கண்ணைத் திறந்து உள்ளே போனாள். அண்ணி அவள் காலை மிதித்தாள், செருப்புதான் கழன்றது.

"சார், கோவிச்சுக்கக் கூடாது. ப்ளேடு தலைகீழா இருக்கு."

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றினார். "நீ எத்தனாவது வரைக்கும் படிச்சிருக்கம்மா?"

"அஞ்சாவது சார்."

"நான் முப்பத்தாறு வருஷம் சயின்ஸ் சொல்லிக் கொடுத்தவன்."

"தெரியும் சார். ஒரே ஒரு தரம் திருப்பி மாட்டிப் பாக்கட்டுமா?"

"இதோட கையேடு இருக்கு," என்று வாத்தியார் இழுப்பறையைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. பிரித்தார். நாலாம் பக்கத்தில் ப்ளேடின் படம் போட்டு, பக்கத்தில் ஓர் அம்புக்குறி கீழே காட்டியது. வாத்தியார் அந்த அம்புக்குறியை, வகுப்பில் பேசின பையனைப் பார்ப்பதுபோல் வெகு நேரம் பார்த்தார். பிறகு புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்த்தார். அது நியாயம்தான், யாருக்கும் தோன்றும்.

தூளக்கா ப்ளேடைக் கழற்றித் திருப்பி மாட்டினாள். மணல் மூட்டையை இறக்கினாள், கயிற்றை அவிழ்த்தாள். கிடந்த மரத்துண்டில் பென்சிலால் ஒரு வாத்து வரைந்து ஸ்விட்சைப் போட்டாள். ரம்பம் சுகமாகத் தூங்குகிற பூனை மாதிரி முனகியது. மரத்தை ரெண்டு விரலால் திருப்பிக் கொடுத்தாள். அலகு, கழுத்து, முதுகு, வால் என்று வாத்து தானாக வெளியே நடந்து வந்தது. தோள் அசையவே இல்லை. அவளுக்கு அழுகை வந்துவிடும்போல் இருந்தது.

வாத்தியாரம்மா வாசலில் வந்து நின்றாள். "என்னங்க, சத்தமே இல்ல? வித்துட்டீங்களா?" தூளக்கா விஷயத்தைச் சொன்னதும் அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், பிறகு மணல் மூட்டைமேல் உட்கார்ந்து சிரித்தாள். "மூணு வருஷம்! பதினோரு கோப்பை! ஐயோ, என் வயிறு!"

வாத்தியார் வாத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"நன்றிம்மா. இப்ப இது விற்பனைக்கு இல்லை."

அங்கிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் அண்ணி பேசியதை எழுதினால் ஆண்டவன் மன்னிக்க மாட்டான். வீட்டுக்கு வந்ததும் அதையே தம்பியிடம் முதலிலிருந்து சொன்னாள். "உன் பொண்டாட்டி உன் பல்லைப் புடுங்கி அந்த வாத்தியார் வாயில வச்சுட்டா!"

வீட்டுக்காரர் நாலு பல்லும் தெரியச் சிரித்தார். "நான் ஓட்டின பஸ்ஸுல கண்டக்டர் கூடக் கொடுத்த சில்லறையைத் திருப்பிக் கொடுக்க ஒரு மைல் ஓடி வந்தவ. நான் அன்னிக்கே பாத்துட்டுத்தானே கட்டினேன்? போ, போய்ப் புதுசு வாங்கு."

அவள் வாங்கவில்லை. மறுநாளே அவரைப் பல் டாக்டரிடம் கூட்டிப்போய் அச்சு எடுக்கக் கொடுத்தாள். மெஷின் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வில் ரம்பத்தை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். அன்று சாயங்காலம் சமையலறையில் செய்ய ஒன்றும் இல்லாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். மறுநாளும் அப்படியே. ஒரு வாரத்தில் புருவம் கறுத்துவிட்டது. குழந்தைகள் வார்டிலிருந்து நர்ஸ் வந்து, ஆமையில் ஒரு துண்டை யாரோ விழுங்கப் பார்த்துக் கடித்துவிட்டதாகவும் புதுத் துண்டு வேண்டும் என்றும் கேட்டபோது, "கை சரியில்லம்மா," என்று முதல் தடவையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுப் போர்வைக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் சலவைக்கூடத்து வாசலில் ஒரே கூச்சல். எட்டிப் பார்த்தாள். சயின்ஸ் வாத்தியார் ஆஸ்பத்திரிச் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதில் ரம்பம் உட்கார்ந்திருந்தது. விழாமல் இருக்க அதே கயிற்றால் இடுப்பைக் கட்டியிருந்தார். காவலாளி பின்னாலேயே ஓடி வந்தார்: "சார், நோயாளியை எந்த வார்டுல சேக்கணும்னு சொல்லிட்டுப் போங்க!" கூட வந்த வாத்தியாரம்மா வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எடுத்துக்கோம்மா," என்றார் வாத்தியார்.

"ஏன் சார், திரும்ப ஆட்டம் போடுதா?"

"இல்லம்மா. பிரமாதமா ஓடுது. அதான் கஷ்டம்." அவர் சுற்றிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "இதுக்கு முன்னாடி ஃப்ரேம் கோணலா வந்தா மெஷினைத் திட்டுவேன். இப்ப மெஷின் சரியா இருக்கு. கோணலா வருது. யாரைத் திட்டுறது?"

தூளக்காவுக்கு அந்த மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூன்று வருஷம் ஊன்றிக்கொண்டிருந்த கோலை அவள் பிடுங்கிவிட்ட மாதிரி.

"ஆனா ஒண்ணு," என்றார், குரலை நிமிர்த்தி. "இப்ப இது நல்லா ஓடுற மெஷின். அன்னிக்குச் சொன்ன விலை ஓடாத மெஷினுக்கு. அதனால நியாயப்படி..."

"நியாயப்படி அதை ஓட வச்சது யாரு?" என்றாள் வாத்தியாரம்மா, கைக்குட்டையை எடுத்துவிட்டு. "அன்னிக்குச் சொன்ன விலைதான். பேசாம இருங்க. எனக்கு அந்த மாதிரி இன்னொரு வாத்து வேணும், அவ்வளவுதான்."

பல் செட்டும் ரம்பமும் ஒரே வாரத்தில் வீட்டுக்கு வந்து சேர்ந்தன. முதல் நாள் பார்க்க அண்ணி வந்தாள், சலவைக்கூடத்துப் பெண்கள் நாலு பேர் வந்தார்கள். வீட்டுக்காரர் புதுப் பல்லோடு மாப்பிள்ளை மாதிரி நாற்காலியில் உட்கார்ந்தார். ஆண்டவனுக்கு ஒரு நன்றி சொல்லிவிட்டு, நர்ஸ் கேட்ட ஆமைத் துண்டுக்காகத் தூளக்கா ஒரு புது ப்ளேடைப் பிரித்து மாட்டினாள். இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற படபடப்பு. வாத்தியார் கதையை எல்லாரும் திரும்பச் சொல்லச் சொன்ன பெருமை வேறு. சொல்லிக்கொண்டே ஸ்விட்சைப் போட்டாள்.

தட தட தட! ப்ளைவுட் துள்ளிப் பறந்து அண்ணியின் மடியில் போய் உட்கார்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஆடின.

"கயிறு எங்க? கயிறு எங்க?" என்று அலறினாள் அண்ணி.

தூளக்கா ஸ்விட்சை அணைத்தாள். யாருக்கும் தெரியாமல் விரலை ப்ளேடில் மேலிருந்து கீழே வைத்துத் தடவினாள். பிடித்தது. இருபது வருஷத்தில் இன்றைக்குத்தான் தடவிப் பார்க்கவில்லை. மெல்ல நிமிர்ந்து மேலே பார்த்தாள். 'சரி, சரி,' என்றாள் மனதுக்குள். 'இதுக்கு மட்டும் உடனே வந்துடு.'

"புது ப்ளேடு. கொஞ்சம் பழகணும்," என்று பொதுவாகச் சொல்லி, முதுகால் மறைத்துக்கொண்டு ப்ளேடைத் திருப்பி மாட்டினாள்.

வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து எல்லாம் தெரிந்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். மனைவியின் காது சிவந்திருப்பதைப் பார்த்தார். புதுப் பல் ரெண்டு வரிசையும் ஒன்றோடு ஒன்று பொருந்த, வாயை அழகாக மூடிக்கொண்டார்.